தண்ணீரில் ஹேலைடு அளக்க: கரைத்த சாயமா, பாலிமர் படலமா, எலக்ட்ரோடா?

நீர்த்த கந்தக அமிலத்தில் கொஞ்சம் குயினினைக் கரைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்குக்குக் கீழே வையுங்கள். கரைசல் வெளிர் நீலமாக ஒளிரும். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். கரைசல் கலங்காது, அடியில் எதுவும் படியாது, நிறமும் அதே நீலம்தான். வெளிச்சம் மட்டும் கண்ணெதிரே குறைந்துபோகும். இந்த வகை ஒளிர்தலுக்கு 1852-இல் ‘ஃபுளோரசன்ஸ்’ என்று பெயர் வைத்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் குயினினின் ஒளி மங்குவதை 1869-இல் பதிவு செய்தார். நீரில் குளோரைடு, புரோமைடு, அயோடைடு போன்ற ஹேலைடு அயனிகளை அளக்கும் சாய சென்சார்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் அந்த மங்கலைத்தான் அளக்கின்றன.

எந்த முறையை எடுப்பது என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, “எது ரொம்ப நுட்பமானது?” என்பதுதான். அதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். எந்த அயனி? தண்ணீரில் அது ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்? ஒரு தடவை பார்த்தால் போதுமா, அல்லது சென்சார் நாள்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டுமா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பாலிமரில் சாயத்தைப் பிணைத்த படலம் அழகான கருவி, ஆனால் அது தேவைப்படும் இடம் குறுகலானது. அந்த இடத்தில் அதற்கு ஈடு இல்லை. மற்ற இடங்களில் பழைய முறைகளே மேல்.

மங்குவது எப்படி, எவ்வளவு

ஒளியை உறிஞ்சிய சாய மூலக்கூறு கொஞ்ச நேரம் கிளர்வு நிலையில் இருந்துவிட்டுத்தான் ஒளியை வெளியே விடும். குளோரைடு வேலைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் எஸ்.பி.க்யூ. என்ற குயினோலினியம் சாயத்துக்கு அந்த நேரம் சுமார் 26 நானோ நொடி. அதற்குள் ஒரு ஹேலைடு அயனி வந்து மோதினால் அந்த ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகப் போய்விடும். மோதிய அயனியும் மாறுவதில்லை, சாயமும் கெடுவதில்லை. உப்பு விலகியதும் ஒளி பழையபடி திரும்பிவிடும். சென்சார் செய்ய நினைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. வேதிவினை எதுவும் நடக்காததால் ஒரே படலத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு மங்கும் என்பதற்கான சமன்பாட்டை ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் ஃபோல்மரும் 1919-இல் தந்தார்கள். ஹேலைடு இல்லாதபோது இருந்த ஒளியை, ஹேலைடு சேர்த்த பிறகு இருக்கும் ஒளியால் வகுத்தால் வருவது: 1 கூட்டல், தணிப்பு மாறிலியும் செறிவும் பெருக்கிய மதிப்பு. அவ்வளவுதான். ஒரு சாயத்தை ஓர் அயனி எவ்வளவு வலுவாக மங்கவைக்கிறது என்று சொல்லும் எண்தான் தணிப்பு மாறிலி. அது, வெறும் நீரில் குளோரைடுக்கு, எஸ்.பி.க்யூ.வில் 118. எம்.க்யூ.ஏ.இ. என்ற அதன் உறவுக்காரச் சாயத்தில் 200. லூசிஜெனின் என்ற இன்னொரு சாயத்தில் ஏறக்குறைய 390. மூன்றுமே லிட்டருக்கு ஒரு மோல் என்ற கணக்கில்.

இந்த எண்களை ஒரு நிஜமான தண்ணீரில் வைத்துப் பார்ப்போம். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மோல் கணக்கில் அது சுமார் 7 மில்லிமோல். அந்தத் தண்ணீரில் 100 என்றிருந்த ஒளி, எஸ்.பி.க்யூ.வில் 55 ஆகும், எம்.க்யூ.ஏ.இ.யில் 41, லூசிஜெனினில் 27. மூன்றும் தாராளமாக அளக்கக்கூடிய வித்தியாசம். ஒளியை ஒரு சதவீதப் பிழையோடு அளக்க முடிந்தால், லூசிஜெனினில் குளோரைடு அளவில் வரும் பிழை ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கும்.

இதே தண்ணீரில் குளோரைடு எலக்ட்ரோடை இறக்கினால் என்ன ஆகும்? செறிவு பத்து மடங்கு மாறும்போது அது காட்டும் மின்னழுத்தம் 25 டிகிரி வெப்பத்தில் 59 மில்லிவோல்ட் மாறும். கணக்குப் போட்டால், ஒரு மில்லிவோல்ட் தவறாகப் படித்தாலே 4 சதவீதப் பிழை. ஆனால் எலக்ட்ரோடு லிட்டருக்குச் சில மில்லிகிராமிலிருந்து கடல்நீர் வரைக்கும் ஒரே சீராகப் பேசும். சாயம் அப்படியில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அதில் லூசிஜெனினைக் கரைத்தால் ஒளி இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இருட்டைத்தான் அளக்க வேண்டியிருக்கும். குறுகிய எல்லைக்குள் நுணுக்கம் வேண்டுமா, சாயம். எல்லை அகலமாக வேண்டுமா, எலக்ட்ரோடு.

கரைத்த சாயம்

சாயத்தை மாதிரி நீரிலேயே கரைத்து, கண்ணாடிக் குப்பியில் வைத்து அளப்பதுதான் எளிய வழி. மேலே சொன்ன தணிப்பு மாறிலிகள் முழுசாகக் கிடைப்பதும் இதில்தான். ஆய்வகத்தில் மாதிரிகளை வரிசையாக வைத்துப் பார்க்க இது நன்றாகவே வேலை செய்யும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதிதாகச் சாயம் சேர்க்க வேண்டும் என்பதும், பார்த்து முடித்த தண்ணீரைச் சாயத்தோடு கொட்ட வேண்டும் என்பதும்தான் குறை. ஓடும் தண்ணீரிலோ கிணற்றுக்குள்ளோ இதைச் செய்ய முடியாது.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். எஸ்.பி.க்யூ., எம்.க்யூ.ஏ.இ. இரண்டும் புற ஊதா ஒளியை வாங்கி 440, 460 நானோமீட்டர் பக்கம் நீலமாக ஒளிர்பவை. இலை தழை மக்கி வரும் ஹியூமிக் பொருள்கள் ஏரி, ஆற்று நீரில் எப்போதும் உண்டு. அவையும் அதே புற ஊதாவில், அதே நீலத்தில் ஒளிரும். வடிகட்டினாலும் முழுசாகப் போகாது. சாயம் சேர்க்காத தண்ணீரையும் ஒரு தடவை அளந்து கழிக்காவிட்டால் குளோரைடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் இயற்கை நீர் என்றால் நான் லூசிஜெனின் பக்கம்தான் சாய்வேன். அது 455 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கிப் பச்சையாக, 505 பக்கம் ஒளிர்கிறது, நீல எல்.இ.டி. ஒன்றே அதற்குப் போதும்.

பாலிமர் படலத்துக்குப் போகும்போது என்ன இழக்கிறோம், என்ன கிடைக்கிறது

சாயத்தைத் தண்ணீரை உறிஞ்சும் பாலிமரில் நிறுத்தி, மெல்லிய படலமாக்கி, கண்ணாடித் தகட்டிலோ ஒளியிழை முனையிலோ பூசினால் அது தண்ணீருக்குள்ளேயே கிடந்து அளக்கும். கான்டாக்ட் லென்சுக்குப் பயன்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தாக்ரிலேட் பாலிமர், பாலிஅக்ரிலமைடு, நீர் உறிஞ்சும் பாலியூரிதேன் எல்லாம் இதற்கு ஏற்றவை. நீர் ஏறாத கெட்டிப் பிளாஸ்டிக்கில் அயனி உள்ளே வரவே வராது.

சாயத்தை நிறுத்துவதில் மூன்று வழி உண்டு. தேர்வின் உயிர்நாடி இதுதான்.

முதல் வழி, பாலிமர் உருவாகும்போதே சாயத்தையும் சேர்த்துக் கலந்து சிக்கவைப்பது. ஒரு மணி நேரத்தில் படலம் தயாராகிவிடும். இந்தச் சாயங்கள் எல்லாம் மின்னூட்டம் உள்ள உப்புகள், தண்ணீரில் நன்றாகக் கரைபவை. அதனால் சிக்கிக் கிடக்காமல் கசியும். நான் முதலில் செய்த படலத்தைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு இரவு முழுக்க விட்டிருந்தேன். காலையில் படலத்தை இடுக்கியால் எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் பீக்கரை விளக்குக்குக் கீழே பிடித்தேன். தண்ணீர் முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. படலம் மங்கிக் கிடந்தது. இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். சாயம் கசியக் கசியப் படலத்தின் ஒளி குறையும். ஒளி குறைந்தால் குளோரைடு ஏறியிருக்கிறது என்றுதான் கருவி படிக்கும். கசிவு என்பது கண்ணுக்குத் தெரியும் பழுதாக வராமல், உப்பு மெல்ல மெல்ல ஏறும் நல்ல வளைகோடாக வந்து நிற்கும். இந்த வழியை, ஒருமுறை நனைத்துத் தூக்கிப்போடும் பட்டைகளுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எதிர் மின்னூட்டத்தால் பிடித்துவைப்பது. லூசிஜெனின் நேர் மின்னூட்டம் உள்ளது. நாஃபியான் என்ற பாலிமர் படலத்தில் எதிர் மின்னூட்டமுள்ள சல்ஃபோனேட் தொகுதிகள் நிறைய. இரண்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் அதே எதிர் மின்னூட்டம் குளோரைடை வெளியே தள்ளும். நல்ல தண்ணீரை அளக்க இது மோசமான ஜோடி. கடல்நீருக்கு வாருங்கள், கதை மாறுகிறது. அங்கே குளோரைடு அரை மோலுக்கு மேல் இருப்பதால், தள்ளினாலும் போதிய அளவு உள்ளே வந்துவிடும். லூசிஜெனினை நாஃபியானில் ஏற்றிக் கடல்நீரின் உப்பளவைப் பார்க்கும் சென்சார் உண்மையிலேயே செய்யப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, சாயத்தையே பாலிமர் சங்கிலியில் சகப்பிணைப்பால் கோத்துவிடுவது. குயினோலின் வளையத்தின் நைட்ரஜனில் அல்லைல் போன்ற இரட்டைப் பிணைப்புள்ள ஒரு கையை மாட்டினால், பாலிமராகும்போது சாயமும் ஒரு கண்ணியாகச் சேர்ந்துகொள்ளும். செய்ய நாள் பிடிக்கும். மாட்டாமல் எஞ்சிய சாயம் முழுசாக வெளியேறும் வரை கழுவ வேண்டும். ஆனால் அப்புறம் கசியாது. தண்ணீரில் தொடர்ந்து கிடக்க வேண்டிய சென்சார் என்றால், இதைத் தவிர வேறு வழியைப் பரிசீலிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

இழப்பு எங்கே வருகிறது என்றால், தணிப்பு மாறிலியில். பாலிமருக்குள் அயனி நீரில் ஓடுவதுபோல ஓட முடியாது. சாயத்தின் ஒரு பக்கத்தைச் சங்கிலியே மறைத்துக்கொண்டிருக்கும். மோதல் குறையும். குயினோலினியம், அக்ரிடினியம் சாயங்களைக் கண்ணாடிப் பரப்பில் பிணைத்து 1984-இல் வெளியான தொடக்ககால ஹேலைடு சென்சார் ஒன்றில், குளோரைடு 10 மில்லிமோல் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடிந்தது, அயோடைடுக்கு 0.15 மில்லிமோலே போதுமாக இருந்தது. 10 மில்லிமோல் குளோரைடு என்பது லிட்டருக்கு 355 மில்லிகிராம். நாக்கு அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும்.

இதை எண்ணில் உணர்ந்து பார்க்க, பாலிமருக்குள் போனதும் மாறிலி 10-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லிகிராம் தண்ணீரில் ஒளி 100-இலிருந்து 93 வரைதான் இறங்கும். விளக்கின் தடுமாற்றமே அந்த ஏழு புள்ளியை விழுங்கிவிடலாம். ஆனால் அதே படலத்தைக் கடல்நீரில் போட்டால் ஒளி 16-இல் நிற்கும். மாறிலி 5 என்றால் 27-இல். அருமையாக அளக்கலாம். கரைத்த லூசிஜெனின் இருண்டுபோன அதே இடம் இது. பாலிமர் உணர்திறனைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியல்ல. அது அளக்கும் எல்லையை மேலே நகர்த்துகிறது. உப்பங்கழி, கடல் முகத்துவாரம், உப்புநீர் ஏறும் நிலத்தடி நீர் என்று குளோரைடு கிராம் கணக்கில் ஏறி இறங்கும் இடங்களில் அந்த நகர்வே நமக்கு லாபம்.

தடிமனில் கஞ்சத்தனம் வேண்டும். அயனி படலத்துக்குள் பரவ ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப ஏறும். நீரேறிய ஜெல்லில் 10 மைக்ரான் படலம் ஒரு நொடி அளவில் பதில் சொன்னால், 100 மைக்ரான் படலம் நூறு நொடி எடுக்கும். தடிமனைக் கூட்டினால் ஒளி கூடும் என்ற ஆசையில் நிறைய பேர் இங்கே தவறுகிறார்கள்.

அப்புறம், வெறும் ஒளியளவை மட்டும் நம்பும் படலத்தை நீண்ட நாள் வேலைக்கு நான் ஏற்பதில்லை. விளக்கு தளரும், சாயம் வெளுக்கும், மேலே பாசி படியும். எல்லாமே குளோரைடு போலத் தெரியும். ஹேலைடுக்கு மங்காத இன்னொரு சாயத்தையும் அதே படலத்தில் பிணைத்து, இரண்டின் விகிதத்தைப் பார்க்கலாம். அதைவிட உறுதியானது, ஒளியின் அளவை விட்டுவிட்டு அதன் ஆயுட்காலத்தை அளப்பது. மோதல் வகை மங்கலில் ஆயுட்காலமும் அதே விகிதத்தில் குறையும்; சாயம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது அதைப் பாதிக்காது. நானோ நொடிகளை அளக்கும் மின்னணுவியல் வேண்டும் என்பதுதான் அதற்கான விலை. வெப்பநிலைத் திருத்தம் இரண்டுக்குமே தேவை. தண்ணீர் சூடானால் மோதல் கூடும்.

எந்த ஹேலைடு என்பதை மறக்க வேண்டாம்

சாயத்துக்குக் குளோரைடு வேறு, புரோமைடு வேறு என்று பிரிக்கத் தெரியாது. எஸ்.பி.க்யூ.வின் மாறிலி குளோரைடுக்கு 118, புரோமைடுக்கு 175, அயோடைடுக்கு 276. அணு கனமாக ஆக மங்கலும் கூடுகிறது. குளோரைடு மட்டும் வேண்டுமென்றால் இது பெரிய தொல்லை இல்லை. கடல்நீரில்கூடப் புரோமைடு லிட்டருக்கு 67 மில்லிகிராம்தான். மோல் கணக்கில் குளோரைடு அதைப்போல 600 மடங்குக்கும் மேல். ஆனால் அந்தப் புரோமைடையே அளக்க வேண்டியவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். ஓசோன் போட்டுச் சுத்தம் செய்யும் குடிநீரில் புரோமைடு புரோமேட்டாக மாறுகிறது. புரோமேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதனால் சின்ன அளவு புரோமைடையும் தெரிந்தாக வேண்டும். இரு சாயங்களை வைத்து இரு சமன்பாடுகள் எழுதலாம்தான். ஆனால் ஒன்று மற்றொன்றைவிட நூறு மடங்கு இருக்கும்போது சின்னது பெரியதன் பிழைக்குள் மறைந்துபோகும். 1975-இல் வந்த அயனி குரோமட்டோகிராஃபிதான் அங்கே சரி. எல்லா ஹேலைடையும் ஒரே ஓட்டத்தில் தனித்தனி முகடுகளாகப் பிரித்துத் தந்துவிடும்.

அயோடைடு விஷயத்தில் சாயம் ரொம்ப உற்சாகமாக வேலை செய்யும், ஆனால் இயற்கை நீரில் அயோடைடு அந்த அளவுக்கு இருப்பதில்லை. கடல்நீரில் மொத்த அயோடினே லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் அளவுதான். மில்லிமோல் கணக்கில் அயோடைடு உள்ள ஆலைக் கரைசல்களுக்குப் படலம் பொருந்தும்.

ஃபுளோரைடு? அது இந்தச் சாயங்களை மங்கவைப்பதே இல்லை. ஃபுளோரைடுக்கென்று தனியாக நிறைய ஒளிர் மூலக்கூறுகளும் பாலிமர்களும் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது ஒன்றைத் தேடிப் பாருங்கள்: சோதனை எந்தக் கரைப்பானில் நடந்தது? பல இடங்களில் அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பானில், டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்பாக ஃபுளோரைடைச் சேர்த்திருப்பார்கள். தண்ணீரில் நிலைமையே வேறு. ஃபுளோரைடை நீர் மூலக்கூறுகள் அவ்வளவு இறுக்கமாகச் சூழ்ந்திருக்கும். ஒரு மோலுக்கு 465 கிலோஜூல் ஆற்றல் அந்தப் பிணைப்பில் இருக்கிறது, குளோரைடுக்கு 340தான். அந்தப் போர்வையைக் கழற்றிவிட்டுச் சென்சாரிடம் வர ஃபுளோரைடுக்குக் காரணம் வேண்டுமே. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை ஃபுளோரைடு வெட்டுவதைப் பயன்படுத்தும் வகைகள் நீரிலும் வேலை செய்யும். ஆனால் வெட்டியது வெட்டியதுதான். படலம் ஒரு தடவைக்கு மட்டும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைக் காக்க வேண்டியவருக்கு, 1966-இல் வந்த லாந்தனம் ஃபுளோரைடு படிக எலக்ட்ரோடு இருக்கிறது. அந்த எல்லையைவிடப் பல மடங்கு கீழேயும் அது அளக்கும். மக்களின் பல்லும் எலும்பும் சம்பந்தப்பட்ட அளவு இது; இதில் புதுமைக்காக ஒளிர் சாயத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஜெர்மன் வேதியியலாளர் மோர் 1856-இல் தந்த சில்வர் நைட்ரேட் தரம் பார்த்தலையும் (டைட்ரேஷன்) ஒதுக்கிவிடாதீர்கள். நாளைக்கு நாலைந்து மாதிரி, குளோரைடு மட்டும் என்றால் ஒரு பியூரெட்டும் குரோமேட் துளியும் போதும். வெண்மையான கலங்கலில் செங்கல் நிறம் நிலைத்து நிற்கும் அந்த ஒரு துளியை மின்சாரம் இல்லாமலே பார்த்துவிடலாம். குரோமேட்டும் வெள்ளியும் கலந்த கழிவைப் பத்திரமாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் அதன் சுமை.

படலம்தான் என்று முடிவெடுத்தால்

குளோரைடு, அதுவும் ஓரளவு தெரிந்த எல்லைக்குள் ஏறி இறங்குவது, நாள்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டியது, ஆள் போய் மாதிரி எடுக்க முடியாத இடம். இந்த நான்கும் பொருந்தினால் சகப்பிணைப்புப் படலத்தை எடுங்கள். சென்சாரை வாங்கினாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, தண்ணீரில் இறக்குவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

ஹேலைடு இல்லாத நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் அந்த நீரை மட்டும் விளக்குக்குக் கீழே பாருங்கள். அது ஒளிர்ந்தால் படலத்தைத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவியும் ஒளிர்ந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அடுத்து, குறைந்த உப்புக் கரைசலுக்கும் அதிக உப்புக் கரைசலுக்கும் இடையே பத்து தடவை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒளி அதே இரண்டு இடங்களுக்குத் திரும்ப வேண்டும். கடைசியாக, உங்கள் தண்ணீரிலேயே தெரிந்த அளவு உப்பைச் சேர்த்து, சேர்த்தது அப்படியே கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். நீரேறிய பாலிமர் ஜெல் உப்பின் அளவுக்கு ஏற்றபடி வீங்கும், சுருங்கும். காய்ச்சி வடித்த நீரில் போட்ட அளவுக்கோடு (ஒளியளவைக் குளோரைடு அளவாக மாற்றும் கோடு) கிணற்று நீரில் பொருந்தாமல் போவது இந்த மூன்றாவது சோதனையில்தான் பிடிபடும். பொருந்தாவிட்டால் படலத்தைக் குறை சொல்ல வேண்டாம். அதே கிணற்று நீரை வைத்து அளவுக்கோட்டைப் புதிதாகப் போடுங்கள்.